10–12 வயதுக்கு ஒரு சரித்திரத் துப்பறியும் நாவல்: 1914, குஜிலி பஜார், ஒரு புத்தகக் கடை

அரையணா:

வணக்கம். பத்திலிருந்து பன்னிரண்டு வயதுப் பிள்ளைகளுக்காகத் தமிழில் ஒரு சரித்திரத் துப்பறியும் நாவல் எழுத ஆரம்பித்திருக்கிறேன். கதை கிட்டத்தட்ட முழுக்க ஒரு புத்தகக் கடைக்குள்ளும் அதன் பின்சந்திலும்தான் நடக்கிறது. உங்கள் எல்லோருடைய யோசனையும் வேண்டும்.

முதலில் ஏன் இந்த வயசு என்று சொல்லிவிடுகிறேன். சின்னப் பிள்ளைகளுக்கு நம்மிடம் படக்கதைகள் இருக்கின்றன. அதைத் தாண்டியதும் நேரே ஐந்து பாகச் சரித்திர நாவலைத் தூக்கிக் கையில் கொடுத்துவிடுகிறோம். நடுவில் இருக்கிற மூன்று நான்கு வருஷத்தில்தான் ஒரு பிள்ளை தானாகப் படிக்கிற பழக்கத்தைப் பிடித்துக்கொள்ளும், இல்லையென்றால் விட்டுவிடும். அந்த வயசுக்குத் தமிழில் இன்னும் நிறைய வரவேண்டும்.

இடம் சென்னை, குஜிலி பஜார். தெரியாதவர்களுக்காக: காலணா, அரையணாவுக்கு எட்டுப் பக்கம், பதினாறு பக்கம் பாட்டுப் புத்தகங்கள் விற்ற இடம் அது. எங்காவது ஒரு கொலை நடந்தால், ரயில் கவிழ்ந்தால், வெள்ளம் வந்தால் சீக்கிரமே அது சிந்தாகவோ கும்மியாகவோ மட்டக் காகிதத்தில் அச்சாகிக் கடைக்கு வந்துவிடும். பத்திரிகை வாங்க வசதியில்லாதவர்கள், ஒருவர் படிக்கப் பத்துப் பேர் கேட்கிறவர்கள், ஊர்ச் செய்தியை இப்படித்தான் தெரிந்துகொண்டார்கள். துப்பறியும் கதைக்கு இதைவிட நல்ல கடை எனக்குத் தோன்றவில்லை.

காலம் 1914 செப்டம்பர் 22, செவ்வாய்க்கிழமை, இரவு ஒன்பதரை மணி சுமார். எம்டன் என்ற ஜெர்மன் போர்க்கப்பல், கார்ல் ஃபான் முல்லர் தலைமையில், சத்தமில்லாமல் சென்னைத் துறைமுகத்துக்கு எதிரே வந்து நின்று, பர்மா ஆயில் கம்பெனியின் எண்ணெய்த் தொட்டிகளைக் குறிவைத்துச் சுமார் 130 குண்டுகளைப் போட்டுவிட்டு, அரைமணி நேரத்துக்குள் இருட்டில் மறைந்துபோன இரவு. தொட்டிகள் பற்றி எரிந்தன. மறுநாளிலிருந்து ஜனங்கள் மூட்டை முடிச்சோடு ரயிலடியை நோக்கி ஓடினார்கள்.

அந்தக் களேபரத்தில் கடையின் பின்னறையிலிருந்து ஒரு புத்தகக் கட்டு காணாமல் போகிறது. பிரெஞ்சுக்காரர் ஆண்ட புதுச்சேரியிலிருந்து ரகசியமாக வந்தது, அச்சகத்தின் பெயரே இல்லாதது. கடையில் வேலைக்கு நிற்கிற 12 வயசுப் பையன் மேல் பழி விழுகிறது. அவனும் கடைக்காரரின் அண்ணன் மகளும் சேர்ந்து கண்டுபிடிக்கிறார்கள்.

என் கேள்வி ஒன்றே ஒன்றுதான். தடயங்கள் எப்படி இருக்கவேண்டும்? காலடித் தடம், கீழே விழுந்த கைக்குட்டை இதெல்லாம் எந்த ஊர்க் கதையிலும் வரும். எனக்கு வேண்டியது, அந்த வருஷத்தில், அந்தக் கடையில் மட்டுமே கிடைக்கக்கூடிய தடயம். படிக்கிற பிள்ளை கதாபாத்திரத்துக்கு முன்னாடியே அதைப் பிடித்துவிடவும் முடியவேண்டும்.

பாரம்16:

நல்ல முயற்சி அம்மா. நான் லெட்டர்பிரஸ் காலத்தில் கம்பாசிங், அதாவது ஈய எழுத்துகளைக் கோக்கிற வேலை, படித்தவன், என் பங்குக்குச் சொல்கிறேன்.

அச்சகத்தின் பெயர் இல்லை என்றீர்களே, அதை லேசாக விட்டுவிடாதீர்கள். 1867-ஆம் வருஷச் சட்டப்படி எந்தப் புத்தகமானாலும் அச்சிட்டவர் பெயரும் இடமும் அதில் இருந்தே ஆகவேண்டும். சர்க்காருக்குப் பிரதி கொடுக்கவேண்டும். அப்படி வந்த புத்தகங்களை மூன்று மாதத்துக்கு ஒருதரம் பட்டியல் போட்டுச் சர்க்காரே வெளியிட்டது. போதாததற்கு 1910-இல் பத்திரிகைச் சட்டம் வேறு வந்து, அச்சகம் வைக்கிறவரிடம் ஜாமீன் தொகை கேட்டார்கள், பிடிக்காததை அச்சிட்டால் பறிமுதல். ஆகவே பெயரில்லாத புத்தகத்தைக் கையில் வைத்திருப்பதே ஆபத்து. உங்கள் பையனுக்கு இது தெரியும், கடைக்காரர் சொல்லிக் கொடுத்திருப்பார். புத்தகத்தைக் கையில் எடுத்ததும் அட்டையைப் பார்க்காமல் அச்சகம் எது என்றுதான் முதலில் பார்ப்பான். அந்தப் பழக்கம் ஒன்றே போதும், ஆள் யார் என்று வாசகனுக்கு விளங்கிவிடும்.

ஆனால் பெயரை மறைத்தாலும் எழுத்தை மறைக்க முடியாது. ஈய எழுத்து தேயும், உடையும். ஒரு அச்சகத்தில் ஒரு ‘ழ’வின் கீழ்ச்சுழி உடைந்துவிட்டது என்று வையுங்கள். அதைக் கோத்து அச்சடித்து முடித்ததும் எழுத்துகளைப் பிரித்து மறுபடியும் கேஸில், அதாவது எழுத்துப் பெட்டியில், அந்தந்தக் குழியில் போடுவோம். அடுத்த வேலைக்கு அதே உடைந்த ‘ழ’ வேறொரு வரியில் வந்து நிற்கும். நல்ல அச்சகம் என்றால் அதைத் தூக்கி உருக்கப் போட்டுவிடுவார்கள், காசில்லாத அச்சகம் வருஷக்கணக்கில் ஓட்டும். குஜிலிக்குப் புத்தகம் அடித்துக் கொடுத்த சின்ன அச்சகங்களில் இதெல்லாம் சகஜமாக இருந்திருக்கும்.

அப்படியானால், அச்சகப் பெயர் போட்ட அரையணாக் கொலைச்சிந்து ஒன்றிலும் பெயர் போடாத புத்தகத்தின் ஒற்றைத் தாளிலும் அதே உடைந்த ‘ழ’ இருந்தால்? பிள்ளைகள் ஒரு கடை முழுக்க இருக்கிற புத்தகங்களைப் புரட்டித் தேடலாம். புதுச்சேரியிலிருந்து வந்தது என்று எல்லோரும் நம்பிக்கொண்டிருக்கிற புத்தகம் இரண்டு தெரு தள்ளி அச்சானதாக இருக்கலாம்.

இன்னொன்று. கம்பாசிட்டருக்கு எழுத்தை இடவலமாகத் திருப்பிப் படிக்கத் தெரியும். கோத்து வைத்த பாரத்தை, அதாவது அச்சுக்குத் தயாரான எழுத்துத் தொகுப்பை, மேஜைமேல் பார்த்தால் மற்றவர்களுக்குப் புரியாது, அவனுக்குப் பத்திரிகை படிக்கிற மாதிரி ஓடும். பையனின் அப்பா கம்பாசிட்டராக இருந்து, சின்ன வயசிலேயே பழக்கியிருந்தால், போலீஸ் எதிரே நிற்கும்போதே அவன் அதைப் படித்துவிடலாம்.

வானம்பார்த்தவன்:

பாரம் ஐயா சொன்ன ‘ழ’ அருமை. நான் வேறு ஒரு சாமானை எடுக்கிறேன். அந்தக் கடையில் பஞ்சாங்கம் விற்பார்கள்தானே?

செப்டம்பர் 22 என்ன திதி என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். 1914 ஆகஸ்ட் 21-இல் ஒரு சூரிய கிரகணம், ஐரோப்பாவில் யுத்தம் ஆரம்பித்த மாதத்தில் வந்ததால் பேர்போனது. சூரிய கிரகணம் என்றால் அமாவாசை. அங்கிருந்து இருபத்தொன்பதரை நாள் தள்ளினால் அடுத்த அமாவாசை செப்டம்பர் 19. அதுதான் மகாளய அமாவாசை. ஆக 22-ஆம் தேதி நவராத்திரி மூன்றாம் நாள். மூன்றாம் பிறை எட்டு மணிக்கெல்லாம் மறைந்துவிடும். ஒன்பது மணிக்கு வானத்தில் நிலாவே கிடையாது.

இப்போது ஒரு சாட்சி வந்து, “குண்டு விழுவதற்கு முன்னாடி, ஒன்பது மணி இருக்கும், நிலா வெளிச்சத்தில் பின்சந்தில் ஒருத்தன் கட்டைத் தூக்கிக்கொண்டு போனதைப் பார்த்தேன்” என்று சொல்லட்டும். பெரியவர்கள் யாரும் யோசிக்கமாட்டார்கள், அன்றைக்கு எல்லோருக்கும் தலை சுற்றிப்போயிருக்கும். கடைப்பையன் கையெட்டும் தூரத்தில் ஆனந்த வருஷத்துப் பஞ்சாங்கம் அடுக்கி வைத்திருக்கிறது. முதல் அத்தியாயத்திலேயே வீட்டில் கொலு வைத்து மூன்றாவது நாள் என்று காட்டிவிடுங்கள். கவனமாகப் படிக்கிற பிள்ளைக்கு அது போதும்.

அரையணா:

@வானம்பார்த்தவன், இதைப் படித்ததிலிருந்து எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. இதிலிருந்து இன்னும் ஒரு படி போகலாம் என்று நினைக்கிறேன், சரியா பாருங்கள்.

அந்தச் சாட்சி சொன்னது முழுப் பொய்யாக இருக்கவேண்டாம். அவன் உண்மையாகவே அந்த ஆளைப் பார்த்திருக்கிறான், முகம் தெரிகிற அளவுக்கு வெளிச்சமும் இருந்தது. ஆனால் அது நிலா இல்லை, எண்ணெய்த் தொட்டி எரிந்த வெளிச்சம். அப்படியென்றால் அவன் பார்த்தது ஒன்பது மணிக்கு அல்ல, ஒன்பதரைக்கு அப்புறம். முதல் குண்டுச் சத்தம் கேட்டதுமே ஓடிவிட்டேன் என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறவன், சந்தில் ஒருத்தரும் இல்லாத நேரத்தில் அங்கே என்ன செய்துகொண்டிருந்தான்? அங்கே இருந்ததை மறைக்கத்தான் நேரத்தை முன்னுக்குத் தள்ளினான், வெளிச்சத்துக்குக் காரணம் வேண்டியிருந்ததால் நிலாவைச் சேர்த்துக்கொண்டான்.

பாரம் ஐயா, கோத்த எழுத்தைத் திருப்பிப் படிக்கிறதைக் கட்டாயம் எடுத்துக்கொள்கிறேன். ஒரு பாரம் கோத்து, அச்சடிக்காமல் அப்படியே எவ்வளவு நாள் வைத்திருப்பார்கள்?

பாரம்16:

கயிற்றால் இறுக்கிக் கட்டி ஓரமாக வைத்துவிட்டால் எத்தனை நாளும் இருக்கும். ஆனால் சின்ன அச்சகத்தில் எழுத்து கொஞ்சம்தான் இருக்கும், ஒரு பாரம் கட்டிக் கிடந்தால் அடுத்த வேலைக்கு எழுத்து இருக்காது. காசு வராத ஒரு வேலைக்காக எழுத்தைக் கட்டி வைத்திருக்கிறான் என்றால் அதுவே சந்தேகப்படவேண்டிய சங்கதி.

ஆறாம்வகுப்பு:

நான் ஆறாம் வகுப்பு எடுக்கிறவள். ரொம்ப ஆர்வமாகப் படித்துக்கொண்டு வருகிறேன், இரண்டு விஷயத்தில் எனக்குக் கவலை இருக்கிறது.

ஒன்று, எம்டன் இரவை வேடிக்கையாக்கிவிடாதீர்கள். அன்றைக்குக் குறைந்தது ஐந்து பேர் செத்திருக்கிறார்கள். பதினோரு வயசுக்குச் சாவு புரியாது என்று பெரியவர்கள்தான் நினைத்துக்கொள்கிறோம், என் வகுப்பில் வீட்டில் ஒரு சாவைப் பார்க்காத பிள்ளை குறைவு. விவரமாக வர்ணிக்கவேண்டாம், ஆனால் துறைமுகத்தில் வேலை செய்கிற ஒருவர் வீடு திரும்பவில்லை என்பது அந்தச் சந்தில் இருக்கிற எல்லோருக்கும் தெரிந்திருக்கட்டும். அடுத்த மாதமே தீபாவளி வரும். முதல் வெடிச்சத்தத்துக்கு அந்த ஊர்ப் பிள்ளைகள் எப்படி நடுங்கியிருப்பார்கள் என்று யோசித்தீர்களா?

இரண்டாவது, அந்தப் பெண். 1914-இல் பதினோரு வயசுப் பெண் குஜிலி பஜாரில் பையனோடு சுற்றித் துப்பறிந்தாள் என்று எழுதினால் பிள்ளைகள் நம்பிவிடுவார்கள், அதுதான் பிரச்சினை. அந்த வயசில் பல பேருக்குக் கல்யாணம் பேசிக்கொண்டிருப்பார்கள் அல்லது முடிந்தே போயிருக்கும். குழந்தைக் கல்யாணத்தைத் தடுக்கிற சாரதா சட்டம் வந்ததே 1929-இல்தான். நிகழ்கால தைரியத்தை எடுத்துப் பழைய காலத்துப் பாவாடைக்குள் வைக்கக் கூடாது.

அரையணா:

டீச்சர், துறைமுகத்து ஆள் வீடு திரும்பாததை எடுத்துக்கொள்கிறேன். தீபாவளி வெடியையும்.

பெண் விஷயத்தில் என் மனசில் இருப்பது இதுதான். அவள் கடைக்கு மேலே மாடியில் இருக்கிறாள், வெளியே போவதில்லை. 1912-இல்தான் சகோதரி சுப்புலட்சுமி எழும்பூரில் இளம் விதவைகளுக்காக ஒரு இல்லம் தொடங்கினார், அவரே 1911-இல் பிரசிடென்சி கல்லூரியில் பட்டம் வாங்கிய விதவை. அந்தச் செய்தி காற்றில் இருக்கிற காலம். என் கதைப் பெண்ணும் ஏழு வயசில் கல்யாணமாகி எட்டு வயசில் எல்லாம் போனவள். கடைக்கு வருகிற எல்லாப் புத்தகமும் ராத்திரி அவள் கைக்குப் போய்க் காலையில் கீழே வந்துவிடுகிறது. சித்தப்பாவுக்குத் தெரியும், தெரியாத மாதிரி இருப்பார். பையன் பொருளைக் கொண்டுவருவான், அவள் மாடியில் உட்கார்ந்து ஒப்பிட்டுப் பார்ப்பாள். அந்த உடைந்த ‘ழ’வைக் கண்டுபிடிக்கப்போவது அவள்தான், ஏனென்றால் அந்தக் கடையில் இருக்கிற எல்லாவற்றையும் படித்த ஒரே ஆள் அவள். வெளியே போகமுடியாதது கதைக்குத் தடை இல்லை. அவள் வாசலைத் தாண்டி ஒரு தடவை, ஒரே ஒரு தடவை வருவாள். அதற்கு என்ன விலை கொடுத்தாள் என்பதையும் எழுதுவேன்.

ஆறாம்வகுப்பு:

அப்படியென்றால் சரி. கதையில் மற்றவர்கள் அவளை எப்படி நடத்துகிறார்கள் என்பதை மழுப்பாமல் எழுதுங்கள். நவராத்திரிக் கொலுவுக்கு வருகிறவர்கள் முன்னால் அவள் வரமாட்டாள். அந்த ஒரு காட்சியிலேயே பிள்ளைகளுக்கு எல்லாம் விளங்கிவிடும்.

புதுவைக்காற்று:

புதுச்சேரிப் புத்தகம் என்றதும் ஓடிவந்தேன். பின்னணி வலுவாகத்தான் இருக்கிறது. பாரதியார் 1908-லிருந்து புதுச்சேரியில். அவருடைய ‘கனவு’, ‘ஆறில் ஒரு பங்கு’ இரண்டையும் 1911-இல் சென்னை சர்க்கார் தடை செய்தது. அதே வருஷம் ஜூன் 17-இல் மணியாச்சியில் கலெக்டர் ஆஷ் கொல்லப்பட்ட பிறகு புதுச்சேரியிலிருந்து வருகிற கடிதம், பார்சல் எல்லாவற்றின் மேலும் போலீசுக்குக் கண். மூன்று வருஷம் கழித்து உங்கள் கதை. சரியான இடம்.

ஒரு வேண்டுகோள். பாரதியாரையே கதைக்குள் நடக்கவிடாதீர்கள். மீசை, தலைப்பாகை, ஒரு கவிதை வரி, பிள்ளைகள் தலையில் ஒரு தட்டு என்று எத்தனையோ கதையில் பார்த்தாயிற்று. அவர் எழுதிய ஒரு சின்னப் புத்தகத்தைக் கையில் வைத்திருப்பதற்காக ஒரு சாதாரணக் கடைக்காரர் நடுங்குகிறார் என்பதைக் காட்டினால் பாரதியாரின் பலம் பிள்ளைகளுக்குத் தானே தெரியும்.

அப்புறம், எம்டன் என்றதும் யாராவது வந்து சுதந்திரப் போராட்டக்காரர் செண்பகராமன் பிள்ளை அந்தக் கப்பலில் இருந்தார் என்று சேர்க்கச் சொல்வார்கள். சேர்க்காதீர்கள். அதற்கு ஆதாரம் கிடையாது, அந்த மாதங்களில் அவர் ஐரோப்பாவில் இருந்து வேலை செய்துகொண்டிருந்தார். அவர் செய்த உண்மையான காரியங்களே பெரியவை. சிறுவர் கதையில் ஒன்றைப் படித்துவிட்டால் அறுபது வயசு வரைக்கும் அதுதான் சரித்திரம் என்று மனசில் உட்கார்ந்துவிடும்.

ஒருகதைபோதும்:

எல்லோரும் பெரியவர்களாகவே பேசுகிறீர்கள், மன்னிக்கவும். சட்டம், திதி, விதவை, யுத்தம், தடைசெய்த புத்தகம். என் பிள்ளைக்கு 10 வயசு, முதல் ஐந்து பக்கத்தில் ஏதாவது நடக்காவிட்டால் மூடி வைத்துவிடுவான். ஒரு பேய், ஒரு சுரங்கம், ஒரு புதையல் வைத்தால் என்ன குறைந்துவிடும்? அந்தக் காலத்திலேயே துப்பறியும் நாவல் எழுதிய ஆரணி குப்புசாமி முதலியாரும் வடுவூர் துரைசாமி ஐயங்காரும் ஜனங்களைப் பக்கத்துக்குப் பக்கம் இழுத்துக்கொண்டு ஓடவில்லையா?

அரையணா:

@ஒருகதைபோதும், விறுவிறுப்பு விஷயத்தில் உங்களோடு முழுக்க ஒத்துப்போகிறேன். முதல் பக்கத்திலேயே கட்டு காணாமல் போயிருக்கும், பையன் காதைப் பிடித்து ஒருவர் இழுத்துக்கொண்டு போவார். ஆனால் பேயும் புதையலும் வேண்டாம். புதையல் கிடைத்தால் கதை முடிந்துவிடும், பிள்ளை கண்டுபிடிக்க ஒன்றும் இருக்காது. எதிரி நாட்டுக் கப்பல் ஊருக்குள் குண்டு போட்ட ராத்திரி இருக்கும்போது பேய்க்கு என்ன அவசியம்?

திதியும் சட்டமும் பாடமாக வராது. எப்படி வரும் என்று காட்ட ஐந்தாம் அத்தியாயத்திலிருந்து ஒரு துண்டு:

*“நிலா வெளிச்சத்திலா பார்த்தார்?” என்று மாடிப்படியிலிருந்து குரல் வந்தது.*

*“ஆமாம். பால் மாதிரி காய்ந்ததாம்.”*

*“நேற்றுக் கொலுவில் எத்தனையாவது நாள்?”*

*அவன் விரலை மடக்கினான். ஞாயிறு, திங்கள், செவ்வாய். மூன்றாவது விரலில் நிறுத்தி, மறுபடியும் முதலிலிருந்து மடக்கினான். அப்புறம் ஒன்றும் பேசாமல் பஞ்சாங்கக் கட்டைப் பிரிக்கப் போனான்.*

இவ்வளவுதான். விளக்கம் அடுத்த பக்கத்தில் வரும், அதற்குள் படிக்கிறவனும் விரலை மடக்கியிருப்பான்.

நடை பற்றியும் இதிலேயே தெரியும். 1914-இல் எழுதிய தமிழில் எழுதினால் இந்தக் காலப் பிள்ளைக்குப் பல்லில் மணல் கடிபடுகிற மாதிரி இருக்கும். ஆகவே சொல்கிறது இன்றைய எளிய தமிழில். பொருள்களின் பெயர் மட்டும் அந்தக் காலத்தது: தம்பிடி, காலணா, ட்ராம், அரிக்கேன் விளக்கு. ஒரு ரூபாய்க்கு 16 அணா, ஒரு அணாவுக்கு 12 தம்பிடி என்பதைக் கல்லாவில் பையன் சில்லறை எண்ணும்போது பிள்ளைகள் கற்றுக்கொள்வார்கள். அந்தக் கணக்கிலேயும் ஒரு தடயம் இருக்கிறது, அதை இங்கே சொல்லமாட்டேன்.

வானம்பார்த்தவன்:

ஞாயிறு 20, திங்கள் 21, செவ்வாய் 22. கணக்கு சரி. துறைமுகம் பக்கம் வெளிச்சம் இருந்ததா என்று யாராவது கேட்டால், ஹைகோர்ட் கோபுரத்தில் அப்போது கலங்கரை விளக்கம் இருந்தது, அன்றைக்கும் எரிந்தது. ஆனால் அது கடலுக்குக் காட்டுகிற வெளிச்சம், சந்தில் முகம் தெரியாது. சாட்சி அதைச் சொல்லித் தப்பிக்கப் பார்த்தால் இன்னும் நன்றாக இருக்கும்.

புதுவைக்காற்று:

தரமணியில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்துக்கு ஒரு நடை போய் வாருங்கள். கோட்டையூரில் விளம்பரப் பலகை எழுதிக்கொண்டிருந்த ஒரு மனிதர் வாழ்நாள் முழுக்கச் சேர்த்த புத்தகமும் பத்திரிகையும்தான் அந்த நூலகத்துக்கு அடித்தளம். குஜிலிப் பதிப்புகளை நேரில் பார்த்தால்தான் காகிதம் எப்படி இருக்கும், அட்டையில் என்னென்ன போட்டிருப்பார்கள் என்று தெரியும். அரையணாப் புத்தகத்தின் பின்னட்டையில் வேறு புத்தகங்களின் விலைப்பட்டியல் இருக்கும், அதுவும் உங்களுக்கு உதவும்.

பலகைக்கடை:

இவ்வளவு நேரம் படித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். எங்கள் தாத்தா காலத்துக் கடை பலகைக் கடை. இப்போது மாதிரி ஷட்டர் கிடையாது. மேலேயும் கீழேயும் மரத்தில் காடி வெட்டியிருக்கும், அதில் ஆளுயரப் பலகைகளை ஒவ்வொன்றாகச் செருகி வரிசையாகத் தள்ளிக்கொண்டு போகவேண்டும், கடைசிப் பலகையில் பூட்டு. எல்லாப் பலகையும் ஒரே அகலம் இருக்காது, அதனால் உள்பக்கம் ஒன்று, இரண்டு என்று தமிழ் எண்ணில் செதுக்கியிருப்பார்கள். வரிசை மாறினால் கடைசிப் பலகை உட்காராது, அல்லது விரல் நுழைகிற அளவுக்குச் சந்து விழும்.

கடையில் பழகினவன் கண்ணை மூடிக்கொண்டு சரியாகச் செருகிவிடுவான். குண்டு விழுகிற நேரத்தில் அவசரமாக மூடினாலும் கை தானாக வரிசையில் போகும். ஆகவே மறுநாள் காலையில் நாலாம் பலகையும் ஆறாம் பலகையும் இடம் மாறி இருந்தால், கடையை மூடினது பையன் இல்லை. அவன் சாயங்காலம் மூடிய கடையை ராத்திரி வேறு யாரோ திறந்து, எண் தெரியாமல் மூடியிருக்கிறார்கள். உங்கள் பையன் மேல் விழுந்த பழிக்கு இது ஒன்றே பதில்.

அரையணா:

அண்ணா, இது முதல் அத்தியாயத்திலேயே வரவேண்டும், யாரும் கவனிக்காத இடத்தில். காலையில் கடைக்காரர் வந்து பலகையை எடுக்கும்போது “என்னடா இப்படிச் சந்து விட்டு மூடியிருக்கிறாய்” என்று அவனைத் திட்டுவார், அவ்வளவுதான். பையனுக்கே பன்னிரண்டாம் அத்தியாயத்தில்தான் அந்தத் திட்டு ஞாபகம் வரும்.

ஒன்று மட்டும் சொல்லுங்கள். எண்ணைச் செதுக்கியிருப்பார்களா, மையால் எழுதியிருப்பார்களா? ராத்திரி இருட்டில் விரலால் தடவித் தெரிந்துகொள்கிற மாதிரி ஒரு காட்சி வைக்க ஆசை.

பலகைக்கடை:

எங்கள் கடையில் உளியால் வெட்டியது. தடவினால் நன்றாகத் தெரியும். சில கடையில் எண்ணுக்குப் பதில் கோடு கோடாகக் கிழித்திருப்பார்கள், படிக்கத் தெரியாத வேலையாளுக்காக. ஆறுக்கு ஆறு கோடு. உங்கள் கதைக்கு எண்தான் நல்லது, புத்தகக் கடை ஆயிற்றே.